மகளின் வெளிநாட்டு மேடைக்குப் பணம் கட்டலாமா? கையெழுத்துக்கு முன் சில கணக்குகள்

செமினியில் ஒரு தாமான் வீட்டை நினைத்துக்கொள்வோம். அப்பா லாரி ஓட்டுகிறார். அம்மா பாங்கி பக்கம் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்கிறார். மூத்த மகள் நான்காம் படிவம். முதலாம் படிவத்திலிருந்தே பள்ளியின் சியர்லீடிங் குழுவில் இருக்கிறாள். தம்பி தமிழ்ப்பள்ளியில் ஐந்தாம் ஆண்டு. ஒரு மாலை மகள் ஒரு கடிதத்தைக் கொண்டுவந்து மேசையில் வைக்கிறாள். முதல் பக்கத்தில் 'வாழ்த்துகள், நீங்கள் தேர்ந்தெடுக்கப்பட்டிருக்கிறீர்கள்' என்று இருக்கிறது. புத்தாண்டு நாளில் வெளிநாட்டு நகரம் ஒன்றின் அணிவகுப்பில் ஆட வேண்டும். இரண்டாம் பக்கத்தின் அடியில் தொகை இருக்கிறது: 15,000 ரிங்கிட். முன்பணம் இரண்டு வாரத்துக்குள் கட்ட வேண்டும்.

பாட்டி, "என் வளையல் இருக்கே" என்கிறார். அப்பா எதுவும் பேசவில்லை. மகள் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு, கூடத்தில் என்ன பேசுகிறார்கள் என்று காது கொடுத்துக்கொண்டிருக்கிறாள்.

இந்தக் குடும்பமும் தொகையும் விளக்கத்துக்காகச் சொன்னவை. கேள்வி மட்டும் கற்பனை அல்ல. சியர்லீடிங் என்றில்லை, நடனம், பாடற்குழு, சிலம்பம் என எதில் பிள்ளை கொஞ்சம் மேலே வந்தாலும் இப்படி ஓர் அழைப்பு வீட்டு வாசலுக்கு வரலாம். வேண்டாம் என்றால் பிள்ளையின் முகம் வாடும். சரி என்றால் கடன் ஏறும். இரண்டுக்கும் நடுவில் பெற்றோர் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியவை கொஞ்சம் இருக்கின்றன.

முதலில் இது என்ன ஆட்டம்?

பெரியவர்கள் பலருக்குச் சியர்லீடிங் என்றதும் ஐ.பி.எல். கிரிக்கெட்டில் எல்லைக் கோட்டருகே ஆடும் பெண்கள்தான் நினைவுக்கு வருவார்கள். "இதுக்குப் போயா இவ்வளவு காசு?" என்று வீட்டில் குரல் எழ அதுவும் ஒரு காரணம். பள்ளிக் குழுக்கள் செய்வது வேறு. இரண்டரை நிமிடத்துக்குள் குட்டிக்கரணம், தாண்டல், நடனம், ஒருவரைத் தோளுக்கு மேல் தூக்கி நிறுத்துவது, அந்தரத்தில் எறிந்து பிடிப்பது எல்லாம் நடந்து முடிய வேண்டும். நடுவர்கள் ஒவ்வொன்றுக்கும் புள்ளி போடுவார்கள். மேலே ஏறுபவரை 'ஃபிளையர்' என்றும் கீழே நின்று தாங்குபவரை 'பேஸ்' என்றும் சொல்வார்கள். கீழே இருப்பவர் ஒரு நொடி கவனம் சிதறினால் மேலே இருப்பவருக்குக் கழுத்திலோ முதுகிலோ அடிபடும்.

இது பெண்களின் ஆட்டம் என்பதும் பிற்காலத்துக் கதைதான். 1898இல் அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஓர் ஆண் மாணவர் கூட்டத்தின் முன் நின்று முழக்கத்தை வழிநடத்தியதைத்தான் இதன் தொடக்கமாகச் சொல்கிறார்கள். அனைத்துலக ஒலிம்பிக் மன்றம் 2016இல் அனைத்துலக சியர் சங்கத்துக்குத் தற்காலிக அங்கீகாரமும் 2021இல் முழு அங்கீகாரமும் அளித்தது. மலேசியாவில் 'தி ஸ்டார்' நாளேடு 2000ஆம் ஆண்டில் தொடங்கிய 'சியர்' போட்டி வழியாகத்தான் பல இடைநிலைப் பள்ளிகளில் இந்த ஆட்டம் பரவியது.

ஆகவே மகள் மூன்று ஆண்டுகளாகச் செய்துவந்தது விளையாட்டுத்தான், அதுவும் கடினமான விளையாட்டு. அந்த மரியாதையை முதலில் கொடுத்துவிட்டால் பணத்தைப் பற்றிய பேச்சைக் கோபமில்லாமல் தொடங்கலாம்.

'தேர்வு' என்ற ஒரு சொல், மூன்று பொருள்

அடுத்த கேள்வி: யார் தேர்ந்தெடுத்தார்கள், எதற்காக?

ஒரு வகை, நாட்டைப் பிரதிநிதிப்பது. அனைத்துலக சியர் சங்கம் அமெரிக்காவின் ஒர்லாண்டோ நகரில் உலகப் போட்டி நடத்துகிறது. அங்கே தேசியக் குழுவாகப் போக வேண்டுமானால் அந்த நாட்டின் தேசிய அமைப்பு வழியாகத்தான் போக முடியும். மலேசியாவில் விளையாட்டு அமைப்புகள் 1997ஆம் ஆண்டின் விளையாட்டு மேம்பாட்டுச் சட்டப்படி விளையாட்டு ஆணையர் அலுவலகத்தில் பதிந்திருக்க வேண்டும். அனுப்பும் அமைப்பு பதிவு பெற்றதா என்று கேட்பதில் தவறேதும் இல்லை. முறையான அமைப்பு என்றால் உடனே பதில் கிடைக்கும்.

இரண்டாவது வகை, மன்றங்களுக்கு இடையிலான போட்டி. அதே ஒர்லாண்டோவில் தனியார் மன்றங்களுக்காக 'தி சியர்லீடிங் வேர்ல்ட்ஸ்' என்ற போட்டி 2004 முதல் நடக்கிறது. தகுதிச் சுற்றில் வெல்லும் குழுவுக்கு 'பிட்' என்ற அனுமதி கிடைக்கும். அதில் முழுச் செலவையும் ஏற்பது ஒன்று, பாதிச் செலவை ஏற்பது ஒன்று, 'உங்களுக்குத் தகுதி உண்டு, செலவு உங்களுடையது' என்பது ஒன்று. இந்தக் கடைசி வகையில் போகும் பிள்ளையும் திறமையால்தான் போகிறாள். பணம் மட்டும் வீட்டிலிருந்து போகிறது. 'வேர்ல்ட்ஸுக்குத் தகுதி' என்று கடிதத்தில் பார்த்தால், இந்த மூன்றில் எந்தத் தகுதி என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.

மூன்றாவது வகைதான் நம் செமினி வீட்டுக்கு வந்தது. அது போட்டி அல்ல, நிகழ்ச்சிப் பயணம். இதன் மூல வடிவம் அமெரிக்காவில் உருவானது. அங்கே கோடை விடுமுறையில் சியர்லீடிங் முகாம்கள் நடக்கும். முகாமில் நன்றாகச் செய்பவர்களுக்கு 'ஆல் அமெரிக்கன்' என்ற பட்டம் கிடைக்கும். பட்டம் பெற்றவர்கள் ஜனவரி முதல் நாள் லண்டனில் நடக்கும் புத்தாண்டு அணிவகுப்பு போன்ற பெரிய நிகழ்ச்சிகளில் ஆட அழைக்கப்படுவார்கள். அந்த அணிவகுப்பு 1987இல் தொடங்கியது. பல முகாம்களிலிருந்து வந்த நூற்றுக்கணக்கான பிள்ளைகள் ஒரே சீருடையில் லண்டன் தெருக்களில் ஒன்றாக ஆடிக்கொண்டு போவார்கள். பார்க்க அழகாகத்தான் இருக்கும். ஆனால் நடுவர் இல்லை, புள்ளி இல்லை, வெற்றி தோல்வி இல்லை. விமானம், விடுதி, சுற்றுலா எல்லாம் சேர்ந்த ஒரு பொதிக்குப் பெற்றோர் பணம் கட்டுகிறார்கள்.

இது ஏமாற்று வேலை என்று யாரும் அவசரப்பட்டுச் சொல்லிவிட வேண்டாம். அணிவகுப்பு உண்மையாகவே நடக்கிறது, பிள்ளை உண்மையாகவே ஆடுகிறாள். ஆனால் முகாமில் கிடைத்த பட்டம் திறமைக்கானது. பயணத்தில் கிடைக்கும் இடம் பணம் கட்டியவருக்கானது. ஒரே கடிதத்தில் இரண்டும் 'தேர்வு' என்ற ஒரே சொல்லுக்குள் வந்துவிடுவதால்தான் குழப்பம். வசதியில்லாததால் போகாத பெண்ணின் பட்டத்தை யாரும் பறித்துவிடுவதில்லை. இதை மகளுக்குப் புரியும்படி சொல்லிவிட்டால், 'போகாவிட்டால் எல்லாம் போச்சு' என்ற அவளுடைய பயத்தில் பாதி குறைந்துவிடும்.

அமெரிக்காவில் இந்தத் துறை எவ்வளவு பெரிய வணிகம் என்பதற்கு நீதிமன்றப் பதிவுகளே சாட்சி. முகாம், போட்டி, சீருடை மூன்றிலும் கோலோச்சும் வார்சிட்டி நிறுவனம் சந்தையைத் தன் பிடியில் வைத்துக்கொண்டு விலையை ஏற்றியது என்று வழக்குகள் போடப்பட்டன. நிறுவனம் அதை மறுத்தது. ஆனாலும் 2023இல் 4 கோடியே 35 லட்சம் டாலருக்கும் 2024இல் 8 கோடியே 25 லட்சம் டாலருக்கும் சமரசத்துக்கு ஒப்புக்கொண்டது. இரண்டாவது வழக்கின் பின்னால் நின்றவர்கள் பிள்ளைகளுக்காகப் பணம் கட்டிய பெற்றோர்கள். அந்த ஊர்ச் சம்பளத்திலேயே கை சுட்டிருக்கிறது என்றால் ரிங்கிட்டில் சம்பளம் வாங்குகிறவர்கள் இன்னும் நிதானமாகத்தான் பார்க்க வேண்டும்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். பணம் கட்டி மேடையேறுவது நமக்குப் புதிதல்ல. பரதநாட்டிய அரங்கேற்றத்துக்கு மண்டபம், பக்கவாத்தியம், ஆடை, அழைப்பிதழ், விருந்து என்று செலவழிக்கிற குடும்பங்கள் பிரிக்பீல்ட்சிலும் கிள்ளானிலும் இல்லையா? அதை யாரும் மோசடி என்று சொல்வதில்லை. காரணம், செலவு யாருடையது என்பது முதல் நாளே எல்லாருக்கும் தெரியும். நிகழ்ச்சிப் பயணத்தையும் அப்படித் தெரிந்தே ஏற்றுக்கொண்டால் மனக்கசப்பு இருக்காது.

15,000 என்றால் எவ்வளவு?

பிப்ரவரி 2025 முதல் நாட்டின் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 ரிங்கிட். அந்தச் சம்பளக்காரருக்கு 15,000 என்பது ஏறக்குறைய ஒன்பது மாதச் சம்பளம். சோறு, வாடகை, பெட்ரோல் எதற்கும் ஒரு காசும் எடுக்காமல்.

"இ.பி.எஃப்.பில் எடுத்தால் என்ன?" என்று சிலர் கேட்பார்கள். மே 2024 முதல் ஊழியர் சேமநிதிச் சந்தா மூன்று கணக்குகளாகப் பிரிகிறது: பணி ஓய்வுக்கு 75 விழுக்காடு, நல்வாழ்வுக் கணக்குக்கு 15, எப்போது வேண்டுமானாலும் எடுக்கக்கூடிய நெகிழ்வுக் கணக்குக்கு 10. 1,700 ரிங்கிட் சம்பளத்துக்குத் தொழிலாளியின் 11 விழுக்காடும் முதலாளியின் 13 விழுக்காடும் சேர்ந்தால் மாதம் சுமார் 408 ரிங்கிட். அதில் பத்தில் ஒரு பங்கு சுமார் 40 ரிங்கிட் 80 சென். லாப ஈவைச் சேர்க்காமல் பார்த்தால், அந்தக் கணக்கில் மட்டும் 15,000 சேர முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகும். இந்த ஒரு கணக்கைப் பிள்ளையையும் உட்கார வைத்துப் போட்டுக் காட்டலாம். திட்டுவதற்காக அல்ல. பதினாறு வயதுப் பிள்ளைக்குத் தன் வீட்டின் கணக்கு தெரிந்திருப்பது நல்லது.

இன்னொரு ஒப்பீடு. அரசாங்கப் போலிடெக்னிக்கில் டிப்ளோமா படிக்கக் கல்விக் கட்டணம் ஒரு பருவத்துக்கு 200 ரிங்கிட்தான். ஆறு பருவத்துக்கு 1,200. தங்குமிடம், சாப்பாடு, மடிக்கணினி எல்லாம் தனி என்பது உண்மைதான். அப்படிச் சேர்த்தாலும், 15,000 வெள்ளி ஒரு பிள்ளையின் மேற்படிப்பில் எவ்வளவு தூரம் போகும் என்பது விளங்கும்.

கடிதத்தில் எழுதாத செலவும் உண்டு. புதிய கடப்பிதழுக்கு 200 ரிங்கிட். பிரிட்டனுக்கு மலேசியர்களுக்கு விசா தேவையில்லை என்றாலும், ஜனவரி 2025 முதல் முன்பதிவாக மின்னியல் பயண அனுமதி வாங்க வேண்டும். சிறுவர்களுக்கும் அது கட்டாயம். 10 பவுண்டாக இருந்த கட்டணம் அதே ஆண்டு ஏப்ரலில் 16 பவுண்டு ஆனது. அமெரிக்கா என்றால் விசா விண்ணப்பத்துக்கே 185 டாலர். நேர்காணலில் மறுத்தாலும் அந்தப் பணம் திரும்பாது. ஜனவரி மாத லண்டன் குளிருக்குச் செமினியில் யார் வீட்டிலும் உடுப்பு இருக்காது. துணைக்கு அம்மாவோ அப்பாவோ போனால் தொகை இரட்டிப்பாகும்.

பயிற்சிக்குப் போய்வரும் செலவையும் பலர் மறந்துவிடுகிறார்கள். பயிற்சிக்கூடம் சுபாங் பக்கமோ பெட்டாலிங் ஜெயா பக்கமோ இருந்தால், செமினியிலிருந்து முதலில் காஜாங் எம்.ஆர்.டி. நிலையத்துக்குப் போக வேண்டும். இரவு பயிற்சி முடிந்து திரும்ப அப்பாதான் போய்க் கூட்டி வர வேண்டும், இல்லாவிட்டால் கிராப். வாரம் மூன்று முறை என்று வைத்து மாதக் கணக்குப் போட்டுப் பார்க்கட்டும்.

எங்கே கை வைக்கக்கூடாது

சேமிப்பு இருந்து, அதில் எடுத்தாலும் வீட்டில் மூன்று நான்கு மாதச் செலவுக்குப் பணம் மிஞ்சுமானால், போகட்டும். வெளியூர் பார்ப்பதற்கும் தனியாகப் பெட்டி கட்டிப் பழகுவதற்கும் ஒரு மதிப்பு உண்டு. ரிஞ்சிங் பக்கத்துத் தோட்டங்களில் பால்மரம் சீவிய தலைமுறைக்குச் சிங்கப்பூரே தூரமாக இருந்தது. பேத்தி லண்டன் தெருவில் ஆடுவதைக் கைப்பேசியில் பார்க்கும் பாட்டியின் சந்தோஷத்துக்கு எந்தக் கணக்கிலும் விலை போட முடியாது.

கடன் வாங்கித்தான் போக வேண்டும் என்றால் பதில் வேறு. நாட்டைப் பிரதிநிதிக்கும் வாய்ப்பு என்றால் ஊரே சேர்ந்து உதவப் பார்க்கலாம். பணம் கட்டுகிற யாரும் போகக்கூடிய அணிவகுப்புக்காக வளையல் அடகுக் கடைக்குப் போகத் தேவையில்லை. ஆலோங்கிடம் போவது பேச்சுக்கே இடமில்லாத விஷயம். கூட்டுப் பணமும் அப்படித்தான். தெரிந்தவர்கள்தானே என்று சேர்ந்தாலும், கூட்டு நடத்துவதைத் தொழிலாகச் செய்வதை 1971ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்திருக்கிறது. நடத்தியவர் ஓடிவிட்டால் கட்டிய பணம் திரும்பி வருவது கடினம்.

நன்கொடை திரட்டுவதானால், கடைகளிடமும் நிறுவனங்களிடமும் கடிதம் கொடுத்து ஆதரவு கேட்கலாம். தைப்பூசத்திலோ பசார் மாலாமிலோ உண்டியல் ஏந்தி நிற்பதற்கு முன் காவல்துறையின் அனுமதி வேண்டும். 1947ஆம் ஆண்டிலிருந்தே அதற்குச் சட்டம் இருக்கிறது. கடிதம் கொடுக்கும்போது 'மலேசியாவைப் பிரதிநிதிக்கிறாள்' என்று எழுதலாமா என்பதையும் யோசிக்க வேண்டும். அது உண்மையில்லை என்றால் கொடுத்தவர்கள் பின்னால் கேட்பார்கள், பிள்ளைதான் தலைகுனிந்து நிற்பாள். 'லண்டனில் ஒரு நிகழ்ச்சியில் ஆடப் போகிறாள்' என்று உள்ளதை எழுதினாலும் உதவுபவர்கள் உதவுவார்கள்.

சான்றிதழ் எதற்கு உதவும்?

'பல்கலைக்கழகத்துக்கு உதவும்' என்ற பேச்சு பெற்றோரை எளிதில் அசைத்துவிடும். அரசாங்கப் பல்கலைக்கழக நுழைவுக்கான தகுதிப் புள்ளியில் 90 விழுக்காடு தேர்வு முடிவுக்கு, 10 விழுக்காடு புறப்பாடத்துக்கு. அந்தப் பத்துக்குள் பள்ளி, மாவட்டம், மாநிலம், தேசியம், அனைத்துலகம் என்று நிலைக்கேற்ப மதிப்பெண் வேறுபடும். கட்டணம் கட்டிக் கலந்துகொண்ட அணிவகுப்பு 'அனைத்துலக நிலை'யாகப் பதிவாகுமா என்பதைப் பயண ஏற்பாட்டாளர் முடிவு செய்ய முடியாது. பள்ளியின் புறப்பாடத் துணைத் தலைமையாசிரியரிடம் கடிதத்தை நேரில் காட்டிக் கேட்க வேண்டும், அதுவும் முன்பணம் கட்டுவதற்கு முன்பே. பயணம் முடிந்து வந்ததும் அவள் ஐந்தாம் படிவம். எஸ்.பி.எம். தயாரிப்பில் மூன்று வாரம் பின்தங்கி, புறப்பாடத்தில் ஒன்றிரண்டு புள்ளி கூடினால் அது லாபமா என்பதையும் அப்போதே ஆசிரியரிடம் பேசிவிடலாம்.

மகளிடம் கேட்க வேண்டியது

பெரும்பாலான வீடுகளில் முடிவு கூடத்தில் எடுக்கப்பட்டு அறைக்குள் அறிவிக்கப்படுகிறது. அவளை வெளியே கூப்பிட்டு உட்கார வைப்பதுதான் சரி. 'போக ஆசையா?' என்று கேட்டால் எந்தப் பிள்ளையும் ஆமாம் என்றுதான் சொல்லும். 'இதில் உனக்கு எது வேண்டும்?' என்று கேட்டால் வேறு பதில்கள் வரும். சிலருக்குத் தோழிகள் போகிறார்கள் என்பதுதான் காரணம். சிலருக்கு வெளிநாடு பார்க்க வேண்டும். சிலருக்கு உண்மையாகவே இந்த ஆட்டத்தில் இன்னும் மேலே போக வேண்டும்.

மேலே போக வேண்டும் என்பவளுக்கு அணிவகுப்பைவிட நல்ல பயிற்றுநரும் உள்நாட்டுப் போட்டிகளும்தான் பயன். 15,000 ரிங்கிட்டில் ஒரு பகுதியை ஜிம்னாஸ்டிக் பயிற்சிக்குக் கொடுத்தால் ஆண்டு முழுவதும் கற்றுக்கொள்வாள். வெளிநாடு பார்க்க வேண்டும் என்பவளுக்கு, இரண்டு ஆண்டு சேமித்துக் குடும்பமே ஒரு பயணம் போகலாம், தம்பியும் வருவான். தம்பியை இந்தக் கணக்கில் யாரும் சேர்ப்பதில்லை. மூத்தவளுக்கு 15,000 என்றால், நான்கு ஆண்டு கழித்து அவன் ஒரு கடிதம் கொண்டுவரும்போது வீட்டில் என்ன மிச்சம் இருக்கும் என்பதும் இன்றே பேச வேண்டியது.

செமினிக்காரர்களுக்கு ஒரு வேடிக்கை தெரியும். பிரிட்டனின் நாட்டிங்ஹாம் பல்கலைக்கழகம் 2005 முதல் செமினியில்தான் தன் மலேசிய வளாகத்தை வைத்திருக்கிறது. உலகின் பல மூலைகளிலிருந்து பிள்ளைகள் படிக்க இங்கே வந்து, வார இறுதியில் புரோகா குன்றில் ஏறிப் படம் எடுத்துக்கொள்கிறார்கள். 'வெளிநாடு போனால்தான் உலகம்' என்று மகள் சொன்னால் இதைச் சொல்லிப் பார்க்கலாம். அவள் சிரிக்காமலும் போகலாம்.

போவது என்று முடிவானால்

கட்டுவது என்று முடிவெடுத்த வீடுகள் பணத்தைக் கட்டும் விதத்தில் கவனமாக இருக்க வேண்டும். பயணத்தை ஏற்பாடு செய்யும் நிறுவனத்துக்குச் சுற்றுலா அமைச்சின் உரிமம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். உரிம எண்ணைக் கேட்டு வாங்கி அமைச்சின் அகப்பக்கத்திலேயே சரிபார்க்கலாம். தனிநபர் வங்கிக் கணக்குக்குப் பணம் அனுப்பச் சொன்னால் நிறுத்திக் கேள்வி கேட்க வேண்டிய இடம் அது. பிள்ளைக்குக் காலில் அடிபட்டுப் போக முடியாமல் போனால் எவ்வளவு திரும்பக் கிடைக்கும், பயணக் காப்புறுதி அந்தரத்தில் எறிந்து பிடிக்கும் ஆட்டத்தில் ஏற்படும் காயத்துக்கும் செல்லுமா, ரிங்கிட் விலை இறங்கினால் கூடுதல் தொகையை யார் கட்டுவது, எத்தனை பிள்ளைக்கு ஒரு பெரியவர் துணை வருகிறார் என்பதையெல்லாம் வாட்ஸ்அப் குரல் பதிவில் கேட்டு விட்டுவிடக் கூடாது, எழுத்தில் வாங்க வேண்டும்.

பதினெட்டு வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளை பெற்றோர் இல்லாமல் பயணம் செய்தால், பெற்றோரின் சம்மதக் கடிதமும் பிறப்புப் பத்திர நகலும் கையில் இருப்பது நல்லது. ஏமாற்றப்பட்டதாகத் தெரிந்து பணம் அப்போதுதான் கணக்கை விட்டுப் போயிருந்தால், 997 என்ற எண்ணுக்கு உடனே அழைக்க வேண்டும். பயணம் சொன்னபடி நடக்கவில்லை, பணமும் திரும்பவில்லை என்றால் மலேசியப் பயனீட்டாளர் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கைகளை அது விசாரிக்கிறது. மனுக் கட்டணம் 5 ரிங்கிட், வழக்கறிஞர் தேவையில்லை. ஆனால் ரசீதும் கடிதமும் இல்லாமல் அங்கே போய்ப் பேசுவது சிரமம். அதனால் முதல் நாள் வந்த அந்தக் கடிதத்தை, போனாலும் போகாவிட்டாலும், ஒரு கோப்பில் போட்டு வைக்கவும்.